சூரியத் தகட்டில் நெத்திலி

நடுவர்கள் என்றால் கறுப்புக் கோட்டு போட்டிருப்பார்கள், சிரிக்கவே மாட்டார்கள் என்று தனேஷ் அடித்துச் சொல்லியிருந்தான். பங்கோர் தீவின் படகுத்துறையில் ஃபெரியிலிருந்து இறங்கியவர்களில் ஒருவரோ மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"இவரா நடுவர்?" என்று கேட்டான் தனேஷ்.

"மெதுவா பேசுலா. மார்க் போடப் போறது அவர்தான்," என்றாள் ஷர்மினி.

ஷர்மினியும் தனேஷும் தீவில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறார்கள். ஷர்மினியின் அப்பா சீனி, இளஞ்சிவப்பு நிற வேன் ஓட்டுகிறார். பங்கோரில் டாக்சி என்றால் இளஞ்சிவப்பு வேன்தான். நடுவர்களை ஏற்றிவர அவர் கிளம்பியபோது இரண்டு பேரும் பின்னாலேயே தொற்றிக்கொண்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நகத்தைக் கடித்துக் கடித்து விரலே மிஞ்சியிருக்காது.

ஏனென்றால் அன்றைக்குத்தான் கடைசிச் சுற்று.

தீவுகளில் சூரியனையும் காற்றையும் வைத்து மின்சாரம் எடுக்க மாணவர்கள் திட்டம் போட வேண்டும். அதுதான் போட்டி. பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் பள்ளிகள் கலந்துகொண்டன. கடைசியில் மூன்று அணிகள் மிஞ்சின. ஈப்போ அணி படகுத்துறைக்குத் திட்டம் போட்டிருந்தது. காம்பார் அணி மீனவர்களின் ஐஸ் கிடங்குக்குத் திட்டம் போட்டிருந்தது. ஷர்மினியும் தனேஷும் தங்கள் கம்பத்தின், அதாவது கிராமத்தின், சமூக மண்டபத்துக்குப் போட்டிருந்தார்கள். எந்த அணி வெல்கிறதோ, அந்த அணியின் திட்டத்தைப் பெரியவர்கள் உண்மையிலேயே கட்டிக் கொடுப்பார்கள்.

ஷர்மினிக்கு அந்த மண்டபம் மிகவும் முக்கியம். விமலா டீச்சர் அங்கேதான் சாயங்கால வகுப்பு எடுக்கிறார். மழைக்காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், கம்பம் முழுக்கக் கரண்டு போய்விடும். உடனே டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஷர்மினியின் வீட்டிலோ ஒரு தம்பிப் பாப்பா இருக்கிறான். அவன் புத்தகத்தைக் கிழிப்பதோடு நிற்பதில்லை, தின்றும் விடுவான். போன மழைக்காலத்தில் அவளுடைய அறிவியல் புத்தகத்தில் நுரையீரலைக் காணவில்லை.

மண்டபத்தில் மட்டும் விளக்கு நிற்காமல் எரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதற்கு இன்றைக்கு ஜெயிக்க வேண்டும்.

நடுவர்கள் வேனில் ஏறினார்கள். ஈப்போவிலிருந்து வந்த பொறியாளர் மாதுமை முன்னால் உட்கார்ந்தார். கையில் நீளக் குடை வைத்திருந்த துரைசிங்கம் ஐயா, ஓய்வு பெற்ற மின்பொறியாளர். தனேஷ் சொன்னபடி சிரிக்காமல் இருந்தது அவர் ஒருவர்தான். எலுமிச்சம்பழக்காரர் பேராசிரியர் அஸ்மான். தீவுகளின் மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லையாம். ஆனால் தீவுக்குப் படகில் வருவதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வேன் கம்பத்துக்குள் நுழைந்தபோது மாதுமை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். அன்று நல்ல வெயில். வேலியெல்லாம் துணிகள். முறத்தில் மிளகாய். பாயில் மீன். ஒரு வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையில் அப்பளம்கூடக் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க பார்த்தாலும் ஏதாவது காயுதே," என்றார் மாதுமை.

"நாங்க வெயிலை வீணாக்க மாட்டோம் மிஸ்," என்றாள் ஷர்மினி பெருமையாக.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

காலையிலேயே மூன்று அணிகளும் மண்டபத்துத் திடலில் தங்கள் மாதிரிகளை நிறுத்தியிருந்தன. அதற்கு அப்புறம் நடுவர்கள் வரும்வரை அணிக்காரர்கள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அதுவரை சேர்ந்த மின்சாரத்தில் விளக்கு எப்படி எரிகிறது என்று நடுவர்கள் பார்ப்பார்கள்.

ஈப்போ அணி தன் சூரியத் தகட்டை உயரமான தூண்களின் மேல் வைத்திருந்தது. விளக்கைப் போட்டதும் கண் கூசியது. பெரியவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

மாதுமை அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். இதைக் கட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் போய்விடுவோம், கடல் காற்றில் தகட்டின் மேல் உப்புப் படியுமே, தினமும் துடைப்பது யார் என்றார். ஈப்போ மாணவர்கள், மாதம் ஒருமுறை ஏணியோடு ஆள் வருவார் என்றார்கள்.

காம்பார் அணியின் காற்றாடி காற்று இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு சின்னத் தகடும் இருந்ததால் விளக்கு சுமாராக எரிந்தது. துடைப்பது யார் என்ற அதே கேள்விக்கு, தானாகவே துடைக்கும் இயந்திரம் வைப்போம் என்றார்கள். அது எதில் ஓடும் என்று துரைசிங்கம் ஐயா கேட்டார். கரண்டில் என்று சொல்லிவிட்டு அந்த அணிப் பையன் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்தது ஷர்மினியின் அணி.

அவர்கள் தகட்டை வேண்டுமென்றேதான் தாழ்வாக வைத்திருந்தார்கள். உப்பும் காக்கை எச்சமும் படிந்தால் சின்னப் பிள்ளைகள்கூட எட்டித் துடைக்கலாம் அல்லவா? இந்த ஊரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே போவதால், தகட்டைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும். பார்க்க அழகான மேசை மாதிரி இருக்கிறது என்று விமலா டீச்சர் சொன்னபோது இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

இப்போது அந்தத் தகட்டின் மேல் ஒரு பூனை உட்கார்ந்து எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

தனேஷ் பூனையை விரட்டினான். ஷர்மினி விளக்கைப் போட்டாள். விளக்கு மினுக்கென்று ஒரு மஞ்சள் பொட்டுப் போல எரிந்தது. அப்புறம் அணைந்துவிட்டது. அவள் இன்னொரு முறை போட்டாள். விளக்கு எரியவே இல்லை.

துரைசிங்கம் ஐயா குனிந்து பார்த்தார்.

"விளக்கு எரியேல்லை, பிள்ளை," என்றார். அவருடைய தமிழ் யாழ்ப்பாணத் தமிழ். கேட்க மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பேனாவை எடுத்துப் பூச்சியம் போட்டதை ஷர்மினி பார்த்துவிட்டாள்.

தனேஷ் வயரை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தகட்டின் ஓரத்தில் கையை விட்டுத் தடவினான். சட்டத்தின் இடுக்கிலிருந்து எதையோ எடுத்து ஷர்மினியின் உள்ளங்கையில் வைத்தான். அது ஒரு நெத்திலி. நன்றாகக் காய்ந்த நெத்திலி.

ஷர்மினி அதை மோந்து பார்த்தாள்.

"யாரோ இது மேல மீன் காயப்போட்டிருக்காங்க," என்றான் தனேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு. "காலையில இருந்து நம்ம தகடு வெயிலையே பார்க்கல."

அது யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மண்டபத்துக்குப் பின்வீட்டிலிருந்து மாரியம்மா அக்கா ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். தட்டு நிறைய வேர்க்கடலையும் பொரித்த நெத்திலியும் இருந்தன.

மாரியம்மா அக்காவைக் கம்பத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். திடீரென்று மழை வந்தால், தன் வீட்டுத் துணியை எடுப்பதற்கு முன்னால் அடுத்த வீட்டுத் துணியை எடுத்து வைப்பவர் அவர். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகித் தீவுக்கு வந்தவர். படகில் வரும் நெத்திலியை வாங்கி, உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைத்து விற்கிறார்.

"சாப்பிட்டுப் பாருங்க," என்று தட்டை நடுவர்களிடம் நீட்டினார். "இந்தப் பிள்ளைங்க எங்களுக்குன்னு புது மேசை ஒன்னு செஞ்சு வெச்சிருக்காங்க. அதுலதான் காயப்போட்டேன். மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிருச்சு. தோட்டத்துல இருந்தப்ப லயத்து வீட்டுத் தகரக் கூரையில ஏறிக் காயப்போடுவோம். இது அதைவிட நல்லா இருக்கு."

காலையிலிருந்து எதையும் சாப்பிட முடியாமல் இருந்த பேராசிரியர் அஸ்மான் ஒரு நெத்திலியை எடுத்து மென்றார். அவர் முகம் மலர்ந்தது. எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கை நிறைய அள்ளினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கம்பத்துக்காரர்கள் தட்டையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அக்கா, அது மேசை இல்ல. சோலாரு," என்றார் யாரோ.

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்ததை இப்படிக் கெடுத்துவிட்டீர்களே, கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா என்று சத்தம் போட்டார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். மாரியம்மா அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு கடலைகள் உருண்டு மண்ணில் விழுந்தன.

"அவங்கதான்னு சொல்லுலா," என்று தனேஷ் காதருகே கிசுகிசுத்தான். "நம்ம மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கு இன்னொரு தடவை விடுவாங்க."

ஷர்மினிக்கும் கோபம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். விளக்கும் போச்சு, மண்டபமும் போச்சு, இனி மழைக்காலத்தில் தம்பி கணக்குப் புத்தகத்தையும் தின்பான் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் மாரியம்மா அக்கா நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், விருந்தாளிகள் முன்னால், தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஷர்மினி அந்தத் தகட்டை இன்னொரு தடவை பார்த்தாள். இந்த முறை அணிக்காரியாகப் பார்க்கவில்லை. கம்பத்து ஆளாகப் பார்த்தாள். நல்ல வெயிலில் இருந்தது. கைக்கு எட்டும் உயரம். வழவழப்பாக, சுத்தமாக, லேசாகச் சாய்ந்து, தொட்டால் சுட்டது.

அவள் போய் மாரியம்மா அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பு இல்ல ஐயா," என்றாள் துரைசிங்கம் ஐயாவிடம். "எங்க மேலதான். எல்லாரும் எதையாவது காயப்போடுற ஊருல இப்படி ஒன்னை வெச்சோம். இது என்னன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வேற யாராவது வெச்சிருந்தா நானே இதுல அப்பளம் காயப்போட்டிருப்பேன்."

சத்தம் போட்டவர்களே சிரித்துவிட்டார்கள். துரைசிங்கம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. ஆனா சோதனை ஒருக்காத்தான். வெளிச்சத்துக்கு உங்களுக்கு மார்க் இல்லை," என்றார்.

"தெரியும் ஐயா," என்றாள் ஷர்மினி.

மாதுமை முன்னால் வந்தார். மற்ற அணிகளிடம் கேட்ட கேள்வியை இவர்களிடமும் கேட்க வேண்டும் என்றார்.

"நாங்க போன பிறகு இதைத் தினமும் துடைக்கிறது யாரு?"

இதற்கு ஷர்மினி பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மாணவர்கள் முறை வைத்துத் துடைப்பார்கள் என்பதுதான் அது. சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

யாரும் கேட்காமலேயே மாரியம்மா அக்கா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டை நனைத்துத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலோடு துடைக்கவில்லை. துண்டின் நுனியை முறுக்கிச் சட்டத்தின் இடுக்கெல்லாம் விட்டு எடுத்தார். பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்த காக்கையை ஒரு அதட்டுப் போட்டு விரட்டினார். பூனையையும் விரட்டினார். தகடு அவர் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது.

"அவங்கதான்," என்றாள் ஷர்மினி.

"யாரு?"

"மாரியம்மா அக்கா. அப்புறம் மீன் காயப்போடுற எல்லாரும்." அவளுக்குப் பேச்சு வேகமாக வந்தது. "தகட்டுக்குப் பக்கத்துலயே அதே உயரத்துல காயப்போடுறதுக்கு ஒரு மேசை செய்யணும் மிஸ். பலகைக்குப் பதிலா வலை கட்டினா, கீழேயும் காத்துப் பட்டு மீன் சீக்கிரம் காயும். காலையில காயப்போட வருவாங்க. மத்தியானம் கிளறி விட வருவாங்க. சாயங்காலம் எடுக்க வருவாங்க. வர்றப்ப ஒரு தடவை துடைச்சு விட்டாப் போதும். தகட்டுக்கும் மீனுக்கும் ஒன்னுதான் வேணும். வெயில் நல்லா படணும், அழுக்குப் படக் கூடாது."

தனேஷ் இவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் கண் விரிந்தது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்தான். இது தகடு, இது மேசை, நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் வேண்டும், மேசையின் நிழல் தகட்டில் விழாமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

"காக்காவை விரட்டுறதுக்கும் ஆள் கிடைச்சாச்சு," என்று முடித்தான். "மீனுக்கு விரட்டினா தகட்டுக்கும் விரட்டின மாதிரிதானே."

காம்பார் அணிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, மேசைக் கால்கள் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவனும் ஒரு யோசனை சொன்னான்.

மாதுமை மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேராசிரியர் அஸ்மான் மாரியம்மா அக்காவிடம் மலாய் மொழியில், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். மாரியம்மா அக்கா துண்டைப் பிழிந்துகொண்டே அவருக்கு மலாயில் பதில் சொன்னார். பிறகு அதையே ஷர்மினியைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"தனி மேசை கொடுத்தீங்கன்னா, இதை நான் எங்க வீட்டுக் கண்ணாடி மாதிரி வெச்சுக்குவேன்லா. உங்க விளக்கை நான்தானே அணைச்சேன்."

நடுவர்கள் ஒரு மரத்தடிக்குப் போய்ப் பேசினார்கள். மாதுமை கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். துரைசிங்கம் ஐயா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பேராசிரியர் நெத்திலித் தட்டையும் கூடவே எடுத்துப் போயிருந்தார். தனேஷ் நகத்தைக் கடித்தான். தன் நகம் தீர்ந்ததும் ஷர்மினியின் கையைப் பார்த்தான். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கடைசியில் துரைசிங்கம் ஐயாதான் முன்னால் வந்து பேசினார். வெளிச்சத்தில் ஈப்போ அணி முதலிடம் என்றார். காம்பார் அணியின் காற்றாடியை மிகவும் பாராட்டினார், காற்று அடித்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன் என்றார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு ஷர்மினியைப் பார்த்தார்.

"நான் போட்ட பூச்சியத்தை மாத்தேல்லை, பிள்ளை. அது அப்பிடியேதான் இருக்கு," என்றார்.

ஷர்மினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா துடைக்கிறதுக்கு ஆள் இருக்கிறது உங்கட திட்டத்தில மட்டும்தான். மிச்சக் கணக்கெல்லாம் கூட்டிப் பாத்தா நீங்கள்தான் முதல்."

தனேஷ் குச்சியை வானத்தில் எறிந்தான். ஷர்மினி ஓடிப்போய் மாரியம்மா அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் உடம்பெல்லாம் மீன் வாடை. அவள் விடவே இல்லை. சீனி தன் வேனில் ஏறி ஹார்ன் அடித்த சத்தத்தில் பூனை மண்டபத்துக் கூரைக்கே ஏறிவிட்டது. அப்போதுதான் துரைசிங்கம் ஐயா ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் லேசாகச் சிரித்ததைத் தனேஷ் பார்த்துவிட்டான்.

மழைக்காலம் வருவதற்குள் மண்டபத்துத் திடலில் பெரிய தகடுகள் வந்து உட்கார்ந்தன. பக்கத்தில், ஒரு ஆள் நடக்கும் இடம் விட்டு, வலை கட்டிய நீள மேசை ஒன்றும் வந்தது.

ஒரு சாயங்காலம் கடலிலிருந்து காற்று ஊளையிட்டு வந்தது. கம்பத்தில் விளக்குகள் எல்லாம் பட்டென்று அணைந்தன. மண்டபத்தில் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார்கள். விமலா டீச்சர் மேலே பார்த்தார். மண்டபத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க? பெருக்கல் கணக்கு இன்னும் முடியல," என்றார்.

பெருக்கல் கணக்கைப் பார்த்து ஷர்மினி அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நல்ல வெயில். பந்து விளையாடிவிட்டு வந்த தனேஷ், நனைந்த காலுறைகளைக் கழற்றி, ஏதோ நினைவில், கைக்கு எட்டிய தகட்டின் மேல் விரித்துவிட்டான். நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்த மாரியம்மா அக்கா கையில் இருந்த துடைப்புத் துண்டோடு வந்து நின்றார்.

"எடுலா அதை," என்றார். "துணி, மீனெல்லாம் இந்தப் பக்கம். அது கரண்டு காயுற இடம்."